ஏசிஎல் ஆபரேஷனில் பட்டனா, ஸ்குரூவா?

கேள்வி இதுதான். கோபிசெட்டிபாளையம் பக்கம் கபடி ஆடும் ஒரு தம்பி, வயது 23. ரெய்டு போய்த் திரும்பும்போது ஊன்றிய கால் அங்கேயே நிற்க, உடம்பு மட்டும் திரும்பியிருக்கிறது. முட்டிக்குள் 'டொப்'பென்று ஒரு சத்தம். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் ஏசிஎல் ஜவ்வு (முட்டிக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் சேர்த்துக் கட்டியிருக்கும் கயிறு) முழுதாக அறுந்திருக்கிறது. ஐப்பசி முதல் வாரம் ஆபரேஷன். தொடையின் பின்பக்க நரம்பை (அவர் எழுதிய சொல்) எடுத்து, மேலே பட்டன், கீழே ஸ்குரூ வைத்துக் கட்டப்போவதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். பக்கத்து ஊர் அண்ணன் ஒருவருக்கு இரண்டு பக்கமும் ஸ்குரூவாம். "இரும்பு ஸ்குரூதான் கெட்டி, பட்டனெல்லாம் சட்டைக்குத்தான்" என்று அவர் பயமுறுத்துகிறாராம். எது கெட்டி, பொங்கலுக்கு ஊர் ஆட்டத்தில் இறங்கலாமா, பைக் ஓட்டலாமா என்று தம்பி கேட்கிறார்.

நான் டாக்டர் இல்லை, தம்பி. கோயமுத்தூரில் ஒரு பொறியியல் கல்லூரியில் கம்பி, கயிறு, நூல், பம்ப்செட் ஷாஃப்ட் என்று கிடைத்ததையெல்லாம் இழுத்தும் முறித்தும் பார்க்கிற லேபில் இருபது வருடமாக இருக்கிறேன். சில வருடங்களுக்கு முன்பு எலும்பு மருத்துவ மேற்படிப்பு மாணவர் ஒருவர் தன் ஆய்வுக்காக எங்கள் இழுவை மெஷினைத் தேடி வந்தார். உங்களுக்குச் செய்யப்போகும் அதே வேலையைப் பன்றி எலும்பில் செய்து, இழுத்துப் பார்க்க வேண்டும் என்றார். அன்றிலிருந்து இந்த விஷயத்தைப் படித்துக்கொண்டே இருக்கிறேன். மருந்து, மாத்திரை, எப்போது தையல் பிரிப்பது போன்றவற்றை உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். எது எங்கே பிடித்துக்கொண்டிருக்கிறது, எது எப்போது நழுவும் என்பதை நான் சொல்கிறேன்.

ஒரு சின்னத் திருத்தம். எடுக்கப்போவது நரம்பு இல்லை, தசைநாண். தசையை எலும்போடு கட்டியிருக்கும் வெள்ளைக் கயிறு. நரம்பை எடுத்தால் கால் மரத்துப்போகும். ஊரில் எல்லோரும் நரம்பு என்றுதான் சொல்கிறோம், பரவாயில்லை. எடுத்த தசைநாணை மடித்து நாலு புரியாக்கி, தொடை எலும்பில் ஒரு துளை, கீழ்க்கால் எலும்பில் ஒரு துளை போட்டு, பழைய ஜவ்வு ஓடிய வழியிலேயே ஓட்டி, இரண்டு முனையையும் கட்டுவார்கள். இந்தக் கயிற்றுக்கு கிராஃப்ட் என்று பெயர்.

'எது கெட்டி' என்று கேட்கும்போது எல்லோருக்கும் கயிறு அறுவதுதான் கண்ணில் நிற்கிறது. அந்தக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். இளவயதுக்காரர்களின் ஏசிஎல்லை எலும்போடு சேர்த்து இழுத்துப் பார்த்த சோதனை 1991இல் வெளிவந்தது. சராசரியாக 2160 நியூட்டனில் அறுந்தது. பத்து நியூட்டனை ஒரு கிலோ என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 220 கிலோ. அறுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் ஜவ்வு அதே சோதனையில் 658 நியூட்டனுக்கே போய்விட்டது. சரி, நாலு புரி தசைநாண் எவ்வளவு தாங்கும்? எல்லாப் புரியும் ஒரே சீராக இழுபடும்படி கட்டினால் 4000 நியூட்டனைத் தாண்டியிருக்கிறது. முட்டிச் சிப்பிக்குக் கீழே இருக்கும் தசைநாணில் பத்து மில்லிமீட்டர் அகலத்துக்கு எடுத்தால் சுமார் 3000. ஆக, உங்கள் காலுக்குள் போகப்போகும் கயிறு கடவுள் கொடுத்த கயிற்றைவிடக் கெட்டி.

ஆனால் சங்ககிரியில் லோடு கட்டுகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். தார்ப்பாய்க் கயிறு நடுவில் அறுந்ததாக யாரும் சொல்ல மாட்டார்கள். முடிச்சு இளகியது, கொக்கி நழுவியது என்றுதான் சொல்வார்கள். முட்டிக்குள்ளும் அதே கதைதான். 1987இல் குரோசாகா என்ற ஜப்பானிய மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் பல வகைக் கட்டுகளை இழுத்துப் பார்த்தார்கள். கிராஃப்ட் எதுவானாலும் முதலில் கைவிடுவது எலும்போடு சேர்த்துக் கட்டிய இடம்தான் என்று எழுதினார்கள். அப்போது புழக்கத்தில் இருந்த 6.5 மில்லிமீட்டர் ஸ்குரூவைவிட 9 மில்லிமீட்டர் ஸ்குரூ நன்றாகப் பிடித்தது என்பதும் அவர்கள் கண்டதுதான். தசைநாணை ஸ்குரூவால் நெருக்கிக் கட்டும்போது, ஸ்குரூவையும் எலும்பையும் பொறுத்து 500 முதல் 800 நியூட்டன் வரை சோதனைகளில் வருகிறது. நல்ல பட்டன் ஆயிரத்தைத் தொடும். 4000 தாங்கும் கயிறு, 600 தாங்கும் முடிச்சு. ஆகவே ஆபரேஷன் முடிந்த புதிதில் கவலைப்பட வேண்டியது கயிற்றின் பலத்தைப் பற்றி இல்லை, முடிச்சைப் பற்றித்தான்.

அந்த 600 போதுமா? சமதரையில் நடக்கும்போது ஏசிஎல்லின் மேல் விழுகிற இழுவை 170 நியூட்டன் போல, படி இறங்கும்போது 445 போல என்று ஒரு பழைய கணக்கு உண்டு. இன்றும் அந்த எண்களை வைத்துத்தான் பேசுகிறார்கள். ஏறுவதைவிட இறங்குவதுதான் கடினம் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், ஆபரேஷனுக்குப் பிறகு உதவும். ஆக நடமாட்டத்துக்குப் போதும். ஆனால் மிச்சம் அதிகம் இல்லை. ஒருமுறை வழுக்கினாலோ, மாடு முட்ட வந்து குதித்தாலோ அந்த மிச்சம் போய்விடும்.

இப்போது பட்டனும் ஸ்குரூவும் எப்படிப் பிடிக்கின்றன என்று பார்ப்போம்.

மண்வெட்டிக்குக் காம்பு போட்டிருப்பீர்கள். காம்பைக் கண்ணில் செருகிவிட்டு, ஆடாமல் இருக்கப் பக்கத்தில் ஒரு ஆப்பு அடிப்போம் அல்லவா, ஸ்குரூ செய்வது அதுதான். துளைக்குள் கிராஃப்ட் இருக்கும், அதன் பக்கத்தில் ஸ்குரூவை முடுக்குவார்கள். அது கிராஃப்டைத் துளையின் சுவரோடு சேர்த்து நெருக்கும். பிடிப்பு முழுக்க அந்த நெருக்கத்தில் வருகிற உராய்வு. ஆகவே எலும்பு எவ்வளவு கெட்டியோ அவ்வளவுதான் பிடிப்பு. தேக்கில் அடித்த ஆப்பு நிற்கும், முருங்கைக் கட்டையில் அடித்தால் நிற்குமா? ஸ்குரூ துளைக்கு நேராகப் போகாமல் கோணலாகப் போனாலும் ஒரு முனையில் மட்டும்தான் நெருக்கும், பிடிப்பு குறையும். அதிகமாக முடுக்கினால் மரை கிராஃப்டையே அறுத்துவிடலாம். தசைநாணுக்கென்று வருகிற ஸ்குரூக்களில் மரையின் விளிம்பை மழுக்கி வைத்திருப்பது அதனால்தான்.

பட்டன் வேறு சாதி. போர்வெல்லில் மோட்டார் இறக்குவதைப் பார்த்திருப்பீர்கள். பைப்பில் கிளாம்ப் போட்டு, அந்தக் கிளாம்ப் கேசிங் வாயில் குறுக்கே உட்கார்ந்துகொள்ளும். கீழே எத்தனை அடி தொங்கினாலும் பாரம் முழுக்க அந்த வாயில்தான். இந்தப் பட்டனும் அப்படித்தான். பன்னிரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சின்னத் தகடு, நடுவில் ஒரு வளையக் கயிறு, அந்த வளையத்தில் கிராஃப்டைக் கோத்திருப்பார்கள். பட்டனை நெட்டுக்குத்தாகத் துளை வழியே மேலே இழுத்து, தொடை எலும்புக்கு வெளியே வந்ததும் குறுக்கே திருப்பி உட்கார வைத்துவிடுவார்கள். பாரம் இறங்குவது எலும்பின் வெளிப்பட்டையில், உள்ளே இருக்கும் பொறைபோன்ற பாகத்தில் இல்லை. வெளிப்பட்டைதான் எலும்பிலேயே கெட்டியான இடம். எனவே பக்கத்து ஊர் அண்ணனுக்கு என் சார்பில் சொல்லுங்கள்: அறுகிற பலத்தை மட்டும் பார்த்தால், சட்டைப் பட்டன் என்று அவர் கேலி செய்தது அவருடைய ஸ்குரூவைவிட அதிகம் தாங்கும். அப்புறம், அந்த ஸ்குரூ இரும்பும் இல்லை. டைட்டானியம், அல்லது மெல்ல மெல்லக் கரைகிற ஒருவகை பிளாஸ்டிக், அல்லது கரையாத பீக் என்ற பிளாஸ்டிக். கரைகிற வகை முழுதாகக் கரைய வருடக்கணக்கில் ஆகும். முடுக்கும்போது சில சமயம் உடைவதும் உண்டு. டைட்டானியம் எம்ஆர்ஐ படத்தில் தன்னைச் சுற்றிக் கொஞ்சம் இடத்தை மறைக்கும். பிடிக்கிற பலத்தில் இந்த உலோகம், பிளாஸ்டிக் வித்தியாசம் பெரிதில்லை.

அப்படியானால் பட்டன்தான் உசத்தியா? இங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது.

அந்த மாணவருடன் செய்த சோதனையைச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே பன்றிக் கறிக்கடை ஒன்றில் பின்னங்கால் எலும்புகளைத் தசைநாணோடு சொல்லிவைத்து வாங்கினோம். மூன்றாவது வாரம் கடைக்காரர், "ஏனுங் சார், இத்தனை எலும்பையும் சூப்பு வெச்சா குடிக்கிறீங்க?" என்று கேட்டே விட்டார். எலும்பில் துளை போட்டு, தசைநாணை ஓட்டி, ஸ்குரூ முடுக்கியாகிவிட்டது. மறுமுனையை மெஷினின் தாடையில் பிடித்து இழுத்தால், தாடையிலிருந்து குளத்து மீன் மாதிரி வழுக்குகிறது. எமரித் தாள் வைத்தோம், சாக்குத் துணி சுற்றினோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டிரை ஐஸ் வாங்கி வந்து அந்த முனையை மட்டும் கல்லாக உறைய வைத்துப் பிடித்தோம். அப்போதுதான் நின்றது.

துளையின் வாயில், தசைநாண் எலும்புக்குள் நுழைகிற இடத்தில், மாணவர் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். 50 நியூட்டனுக்கும் 200 நியூட்டனுக்கும் இடையே மாற்றி மாற்றி இழுக்கும்படி மெஷினை ஓடவிட்டுவிட்டு டீ குடிக்கப் போனோம். நடப்பதும் முட்டியை மடக்கி நீட்டுவதும் போல. ஒரே இழுப்பில் அறுப்பதைவிட இதுதான் உங்கள் காலுக்கு நடக்கப்போவது. திரும்பி வந்தபோது எதுவும் அறவில்லை, உடையவில்லை, சத்தமும் இல்லை. ஆனால் அந்த நீலக் கோடு துளை வாயிலிருந்து வெளியே வந்திருந்தது. ஸ்கேல் வைத்துப் பார்த்தால் நல்ல மூன்று மில்லிமீட்டர்.

மூன்று மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். இரண்டு முட்டிகளையும் ஒப்பிட்டுப் பார்க்கும்போது, கீழ்க்கால் முன்னால் நகர்கிற அளவில் மூன்று மில்லிமீட்டர் வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை என்பார்கள், ஐந்தைத் தாண்டினால் கிராஃப்ட் வேலை செய்யவில்லை என்பார்கள். அதாவது உங்கள் ஆபரேஷன் தோற்கிறதா ஜெயிக்கிறதா என்பது நெல்மணி நீளம்கூட இல்லாத ஓர் அளவில் இருக்கிறது. கிராஃப்ட் அறாமலேயே, முட்டி 'வழுக்கி வழுக்கிப் போகுது' என்று வந்து நிற்கலாம். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பன்றியின் கீழ்க்கால் எலும்பு மனித எலும்பைவிடக் கெட்டி. அதில் மூன்று நழுவினால் மனிதக் காலில் அதைவிட அதிகம்தான் நழுவும். எங்கள் எண்களைப் பார்த்து மாணவர் சந்தோஷப்பட்டபோது அவருடைய பேராசிரியர் இதைச் சொல்லித்தான் ஆளை அடக்கினார்.

நழுவுவது ஒரு பக்கம், இழுபடுவது இன்னொரு பக்கம். உங்கள் கிராஃப்ட் தனிக் கயிறு இல்லை. மேல் கட்டு, கயிறு, கீழ் கட்டு என்று மூன்று ஸ்பிரிங்கை வரிசையாகக் கோத்த மாதிரி. வரிசையாகக் கோத்தால் மொத்த விறைப்பு எப்போதும் இருப்பதிலேயே தொய்வான ஸ்பிரிங்கைவிடவும் குறைவாகத்தான் வரும். கணக்குக்காக எண்களை எடுத்துக்கொள்வோம். கயிறு ஒரு மில்லிமீட்டர் நீள 700 நியூட்டன் வேண்டும், மேல் கட்டும் கீழ் கட்டும் தலா 100 என்று வையுங்கள். மொத்தம் 47 நியூட்டன்தான் வருகிறது. கயிற்றை இரண்டு மடங்கு தடிமனாக்கி 1400 ஆக்கினால்? 48. ஒன்றே ஒன்றுதான் கூடியது! கீழ் கட்டை மட்டும் 100இலிருந்து 200 ஆக்கினால் 61. கடவுள் கொடுத்த ஏசிஎல்லுக்கு இந்த எண் சுமார் 240. என் மாணவர்களுக்கு வரிசை ஸ்பிரிங் பாடம் எடுக்கும்போது இப்போது இந்தக் கணக்கைத்தான் கொடுக்கிறேன். பரீட்சைக்குப் படிக்கிறவனும் இதற்கு நிமிர்ந்து உட்காருகிறான்.

பட்டனின் குறை இந்த இடத்தில் தெரியும். பாரத்தைத் தாங்குகிற இடம் எலும்புக்கு வெளியே, மூட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. நடுவில் வளையக் கயிறு வேறு. போர்வெல்லில் ஸ்விட்ச் போட்டதும் ஹோஸில் தொங்கும் மோட்டார் ஒரு உதறு உதறும் இல்லையா, அதுபோல கிராஃப்ட் துளைக்குள் மேலும் கீழும் கொஞ்சம் அசைந்துகொண்டிருக்கும். பக்கவாட்டில் கார் வைப்பர் போலவும் அசையும். மூட்டு நீர் அந்த இடைவெளியில் புகும். நாள்பட எக்ஸ்ரேயில் துளை அகலமாகித் தெரிவதற்குச் சொல்லப்படும் காரணங்களில் இவையும் உண்டு. ஸ்குரூ மூட்டின் வாயருகிலேயே நெருக்குவதால் தொங்கும் நீளம் குறைவு, அசைவும் குறைவு. இப்படி ஆளுக்கொரு நல்லது, ஆளுக்கொரு கெட்டது. துளை அகலமான எல்லோருக்கும் முட்டி தளர்வதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், எக்ஸ்ரேயைப் பார்த்துத் தூக்கம் கெட வேண்டாம்.

வளையத்தின் நீளத்தை ஆபரேஷன் நடுவிலேயே சுருக்கிக்கொள்ளும்படி ஒரு வகைப் பட்டன் வருகிறது. லேபில் மாற்றி மாற்றி இழுக்கும்போது அது நீளம் மாறாத வளையத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இளகுகிறது. ஆனால் மனிதர்களில் வைத்துப் பார்த்த முடிவுகளில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. லேபில் நடப்பதெல்லாம் காலில் நடக்காது என்பதற்கு, லேபுக்காரனான நானே எழுதிக்கொடுக்கிறேன்.

சரி, மேலே பட்டன் வைக்கிற டாக்டர் கீழே ஏன் ஸ்குரூ வைக்கிறார்? உண்மையில் கவலைப்பட வேண்டிய இடம் கீழேதான். கீழ்க்கால் எலும்பின் மேற்பாகம் உள்ளே பன் மாதிரி, தொடை எலும்பைவிட மென்மை. இழுக்கிற திசையும் சாதகமாக இல்லை. மேலே துளை ஒரு கோணத்தில் போகிறது. கிராஃப்ட் துளை விளிம்பில் வளைந்து நுழைவதால், கிணற்றுச் சகடையில் கயிறு மடங்கியது போல அந்த மடிப்பே கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கீழே அப்படியில்லை, காலை நீட்டினால் இழுவை துளைக்கு நேர்கோட்டில் வருகிறது. பாட்டிலிலிருந்து தக்கையைப் பிடுங்குவது போல நேராக. அதனால் கீழே நல்ல நீளமான, துளை அளவுக்குச் சமமான அல்லது ஒரு மில்லிமீட்டர் கூடுதலான ஸ்குரூவைப் போட்டுவிட்டு, மிச்சக் கயிற்றை வெளியே ஒரு ஸ்டேப்பிளிலோ இன்னொரு ஸ்குரூவிலோ இரண்டாவது கட்டாகக் கட்டுகிற டாக்டர்கள் உண்டு. எனக்குச் செய்வதாக இருந்தால் இந்த இரண்டாவது கட்டைக் கேட்டு வாங்குவேன். இது ஒரு மெக்கானிக்கல்காரனின் பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். எலும்பு கெட்டியான 23 வயதுக்காரருக்கு அது தேவையில்லை என்று உங்கள் டாக்டர் சொன்னால் அவர் பேச்சுதான் பேச்சு. எதைப் போடுகிறார் என்பதைவிட, அவர் அதையே தினமும் போட்டுப் பழகியவரா என்பதைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பழகாத கைக்குப் புது டூலைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று எந்த லேத் பட்டறையிலும் கேட்கலாம்.

புதுக் கயிற்றுக் கட்டில் ஞாபகம் இருக்கிறதா? எவ்வளவு முறுக்கிக் கட்டினாலும் பத்து நாளில் நடுவில் தொட்டில் போலத் தொங்கும். அப்புறம் கால்மாட்டில் கயிற்றை இழுத்துக் கட்டுவோம். தசைநாணும் அப்படித்தான், பாரம் நின்றால் மெல்ல மெல்ல நீளும். முட்டிக்குள் போன பிறகு கால்மாட்டுக் கயிற்றை இழுக்க முடியாது. அதனால் உள்ளே போடுவதற்கு முன்பே, ஒரு பலகையில் கொக்கி போட்டு, எட்டு கிலோ அளவு இழுவையில் பத்துப் பதினைந்து நிமிடம் நிறுத்திவைப்பார்கள். உள்ளே போட்டு மேலே கட்டியதும், முட்டியை இருபது தடவை போல மடக்கி நீட்டி, இளகுவது இளகட்டும் என்று விட்டு, அதற்குப் பிறகுதான் கீழே ஸ்குரூ. அப்போது கால் ஏறக்குறைய நீட்டியபடி, அதிகம் போனால் முப்பது டிகிரி மடங்கி இருக்கும். ரொம்பவும் மடக்கி வைத்து இறுக்கிவிட்டால் பிறகு காலை முழுக்க நீட்ட முடியாமல் போகலாம். விசைத்தறியில் பாவு கட்டுகிறவருக்கு இதையெல்லாம் விளக்கவே வேண்டாம்.

இவ்வளவு சொன்ன பட்டனும் ஸ்குரூவும் உங்களுக்கு எத்தனை நாளைக்கு வேண்டும்? ஏறக்குறைய மூன்று மாதம். அவ்வளவுதான். கிராஃப்ட் எலும்போடு தானே ஒட்டிக்கொள்ளும்வரை பிடித்து நிற்பதுதான் அவற்றின் வேலை. 1993இல் நாய்களில் செய்த ஒரு சோதனை உண்டு. தசைநாணை எலும்புத் துளையில் வைத்துவிட்டு, வாரக்கணக்கில் காத்திருந்து இழுத்துப் பார்த்தார்கள். 2, 4, 8 வாரங்களில் இழுத்தபோது தசைநாண் துளையிலிருந்து உருவிக்கொண்டு வந்தது. 12 வாரத்தில் உருவவில்லை. எலும்பிலிருந்து நார் நாராகக் கிளம்பி தசைநாணைப் பிடித்துவிட்டது. முட்டிச் சிப்பிக் கீழ்த் தசைநாண் என்றால் இரண்டு நுனியிலும் எலும்புத் துண்டோடு வரும், எலும்போடு எலும்பு சேர ஆறு முதல் எட்டு வாரம் போதும். உங்களுக்கு வெறும் தசைநாண், அதனால் நாள் கூட.

அதே சமயம் கிராஃப்டுக்குள் இன்னொன்று நடக்கிறது. வெட்டி எடுத்த தசைநாணுக்கு ரத்த ஓட்டம் இல்லை. உள்ளே இருந்த செல்கள் முதல் வாரங்களில் செத்துப்போகும். பிறகு புது ரத்தக் குழாய்கள் நுழைந்து, பழைய நாரைக் கரைத்துப் புது நாரை நெய்யும். பழையதைப் பிரித்துப் புதியதைக் கட்டுகிற வீடு போல, நடுவில் ஒரு கட்டத்தில் பலம் மிகக் குறைந்திருக்கும். ஆறாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். முதல் நாள் 4000 தாங்கிய அந்தக் கயிறு இந்த வாரங்களில் அந்தக் கயிறே இல்லை.

இனி நாள்காட்டியை எடுங்கள். ஐப்பசி முதல் வாரத்திலிருந்து தைப்பொங்கல் வரை எண்ணினால் பன்னிரண்டு வாரம். உங்கள் ஊர் ஆட்டம் அந்தப் பள்ளத்தின் விளிம்பில் வந்து விழுகிறது. அப்போது வலி இருக்காது, வீக்கம் வடிந்திருக்கும், காலும் நன்றாக மடங்கும். அதுதான் ஆபத்து. கிராஃப்டின் பலத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை. 'கால் சரியாகிவிட்டது' என்று உங்களுக்குத் தோன்றுகிற நாளும், கிராஃப்ட் ரொம்ப இளைத்துப்போயிருக்கிற நாளும் ஒன்றாக வருகின்றன. நார்வேயில் நூறு பேருக்கு மேல் தொடர்ந்து கவனித்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது மாதம் வரை ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுபடி காயப்படுவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் என்றால் உங்களுக்கு ஆடி பிறந்துவிடும். ஆடிப் பதினெட்டுக்குக் கூடுதுறையில் முழுகிவிட்டு வந்து மைதானத்தைப் பற்றிப் பேசலாம். அதுவும் நாள் மட்டும் போதாது, ஒற்றைக் காலில் தாண்டுவது, தொடைத் தசையின் பலம் எல்லாம் நல்ல காலோடு சமமாக வந்திருக்கிறதா என்று பிசியோதெரபிஸ்ட் அளந்து பார்க்க வேண்டும். கபடியில் கணுக்காலைப் பிடித்து இழுப்பார்கள், தொடையைக் கட்டிக்கொண்டு விழுவார்கள். ஓட்டப் பந்தயக்காரருக்குச் சொல்வதைவிட உங்களுக்கு நான் இன்னும் ஒன்றிரண்டு மாதம் சேர்த்துத்தான் சொல்வேன்.

அதுவரை எதில் எவ்வளவு இழுவை என்று தெரிந்திருப்பது நல்லது. உயிருள்ள மனிதர்களின் ஏசிஎல்லிலேயே சின்னக் கருவி பொருத்தி எவ்வளவு நீள்கிறது என்று அளந்திருக்கிறார்கள். சைக்கிள் மிதிப்பதில் 2 சதவீதத்துக்கும் குறைவு. பதினைந்து டிகிரி மடங்கிய நிலையில் தொடையின் முன் தசையை இறுக்கும்போது 4 சதவீதத்துக்கு மேல். அதையே தொண்ணூறு டிகிரியில் இறுக்கினால் ஒன்றுமில்லை. அதனால்தான் ஜிம்மில் உட்கார்ந்து காலை உதறி நீட்டுகிற அந்த மெஷின் பக்கம், பிசியோ சொல்லும்வரை போகக் கூடாது. கடைசி முப்பது டிகிரிதான் கட்டை இழுக்கும். உங்களுக்குத் தொடையின் பின்பக்கத் தசைநாணை எடுப்பதால் முதல் ஆறு வாரம் அந்தத் தசைக்கும் பெரிய வேலை வேண்டாம்.

பைக்கைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஓட்டுவது பெரிய விஷயமில்லை, நிறுத்துவதுதான். தார் ரோட்டிலிருந்து மண்ணில் இறங்கும்போது சட்டென்று அந்தக் காலை ஊன்றி நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் வண்டியைத் தாங்குவீர்கள், முட்டி முறுக்கிக்கொள்ளும். ஆபரேஷன் செய்வது வலது கால் என்றால் கிக்கர் உதைப்பதும் உண்டு. டாக்டர் சரி என்று சொல்லும்வரை பின்னால் உட்கார்ந்து போங்கள்.

ஆபரேஷனுக்கு முன்பு டாக்டரிடம் கேட்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கிராஃப்ட் எவ்வளவு தடிமன் வரும் என்று கேளுங்கள். எட்டு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால், அதுவும் சின்ன வயதுக்காரர்களுக்கு, மறுபடி அறுவது அதிகம் என்று ஆய்வுகள் சொல்கின்றன. மெலிதாக வந்தால் ஐந்தாறு புரியாக மடிப்பாரா, வேறு தசைநாண் எடுப்பாரா என்று அவரே யோசித்து வைத்திருப்பார். கயிறு தடித்தால் விறைப்பு கூடாது என்று மேலே நானே கணக்குப் போட்டேனே என்று கேட்பீர்கள். அது கட்டைப் பற்றிய கணக்கு, முதல் மூன்று மாதத்துக்கானது. கட்டின் வேலை முடிந்த பிறகு ஆடுகளத்தில் இழுவையைத் தாங்கப்போவது அந்தத் தடிமன்தான். தொடை எலும்புத் துளைக்குள் கிராஃப்ட் எத்தனை மில்லிமீட்டர் உட்காரும் என்றும் கேளுங்கள். நாற்பது மில்லிமீட்டர் வழி, பதினைந்து மில்லிமீட்டர் வளையம் என்றால் உள்ளே இருபத்தைந்து மில்லிமீட்டர் கிராஃப்ட் இருக்கும், அது தாராளம். கீழே இரண்டாவது கட்டு உண்டா என்பது மூன்றாவது. இதையெல்லாம் கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம். நான் பார்த்த எலும்பு டாக்டர்கள் பாதிப் பேர் மனசுக்குள் மெக்கானிக்குகள். ஸ்குரூ சைஸைக் கேட்டால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

வீடு திரும்பும்போது என்ன பொருள், என்ன அளவு போட்டார்கள் என்று டிஸ்சார்ஜ் காகிதத்தில் எழுதி, பட்டன், ஸ்குரூ பெட்டிகளின் ஸ்டிக்கரையும் ஒட்டித் தரச் சொல்லுங்கள். ஒரு போட்டோ எடுத்து போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் எம்ஆர்ஐ எடுக்கப் போகிற இடத்தில் "உள்ளே என்ன இருக்கு?" என்று கேட்டால், "இரும்புங்க" என்று சொல்லாமல் அதைக் காட்டலாம்.